படிப்பாரற்ற எழுத்து

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டன் பெயரால் வழங்கும் குடைவரை ஒன்று உண்டு. பல்லவர் காலத்ததாகிய அதன் ஒரு சுவரில் கிரந்த எழுத்திலும், எதிர்ச்சுவரில் நாகரி எழுத்திலும் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஓர் எழுத்தை அறியாதவர் மற்றோர் எழுத்தில் படித்துக்கொள்ளட்டும் என்று எண்ணினர் போலும். எனினும், பின்வந்த நூற்றாண்டுகளில் பல்லவர் எழுத்தைப் படிப்பார் அருகிப்போயினர். பாபிங்டன் போன்ற அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் முயன்று பயின்ற பிறகே மாமல்லைக் கல்வெட்டுகள் மீண்டும் பேசத் தொடங்கின. கல் அழியவில்லை, படிப்பவர்தாம் மறைந்திருந்தனர்.

கல்லுக்கு ஆயிரம் ஆண்டுகளில் நேர்ந்தது, கணினிக்கு இருபதே ஆண்டுகளில் நேர்ந்துவிடுகிறது. இதை நாம் நம் வீட்டிலேயே கண்டோம்.

எம் பாட்டியார் பழவேற்காட்டில் பிறந்தவர். அவரிடம் அரபுத்தமிழ் ஏடு ஒன்று இருந்தது. தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதி, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துக்கொண்ட அந்த எழுத்துமுறை, நம் முன்னோர் இல்லங்களில், சிறப்பாகப் பெண்களிடையே, பெருவழக்காய் இருந்ததை வாசகர் அறிவர். குடும்பத்தின் பிறப்பு இறப்புக் குறிப்புகளும், கைம்மருந்துகளும், தாலாட்டுகளும் அந்த ஏட்டில் இருந்தன. 1997இல் பாட்டியார் வாசிக்க வாசிக்க, எம் தந்தையார் அவற்றைத் தமிழ் எழுத்தில் கணினியில் தட்டச்சு செய்து மூன்று ப்ளாப்பித் தட்டுகளில் பதிந்து வைத்தார். பின்னர்ப் பாட்டியார் மறைந்தார். ஏட்டின் முற்பகுதியைக் கறையான் அரித்தது. கணினியோ பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. தட்டுகள் மட்டும் செங்கற்பட்டு வீட்டு அலமாரியில் உறங்கின. அண்மையில் அவற்றை எடுத்தபோது, செருகுவதற்கு ஒரு கணினியும் எம்மிடம் இல்லை.

விசாரித்தபோது, பழங்கணினிகளைப் பழுதுநீக்கிப் பேணும் இளைஞர் ஒருவர் செங்கற்பட்டிலேயே இருப்பதாக அறிந்தோம். அவருடைய சிறு அறை ஒரு வரலாற்றுக் கூடமாகவே விளங்கியது. 1982இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம்' அங்கே இருந்தது. ரப்பர் விசைகள் பதித்த சிறு பெட்டி அது. திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சி. நினைவில் வைக்க, பாட்டுக் கேட்கும் அதே கேசட் நாடா. அதன் பெரிய வகையின் நினைவகமே 48 கிலோபைட்தான். ஏறத்தாழ 49,000 ஆங்கில எழுத்துகள் கொள்ளும் இடம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே படத்துக்கும் அது போதாது. பொத்தானை அழுத்தினால் படமோ பாட்டோ வராது. வெறுந்திரையில் நம் கட்டளைக்காகக் காத்திருக்கும். 'பேசிக்' மொழியில் இரண்டு வரி எழுதினால்தான் அது ஏதேனும் செய்யும். இயந்திரம் நம்மைப் பயன்படுத்தாமல், நாம் இயந்திரத்துக்குக் கற்பித்த காலம் அது.

நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் அக்காலத்திலேயே கணினி வந்தது. 1984-85இல் இந்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்னும் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியே 'பி.பி.சி. மைக்ரோ' என்ற கணினி பள்ளிகளை எட்டியது. அதே ஆண்டுகளில் குவைத்தில் முகம்மது அல்-ஷாரிக் நிறுவிய 'ஸக்ர்' நிறுவனம், அரபு எழுத்தை வலமிருந்து இடமாக எழுதும் வீட்டுக் கணினிகளை விற்றது. பிறர் எழுத்தைக் கற்றுக்கொண்டு இயந்திரத்திடம் போவதா, இயந்திரத்துக்கு நம் எழுத்தைக் கற்பிப்பதா என்ற கேள்விக்கு அரபுலகம் கண்ட விடை அது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளையும், கனடாவில் கு. சீனிவாசன் 'ஆதமி'யையும் உருவாக்கித் தமிழுக்கும் அவ்விடையைத் தந்தனர்.

ஆனால் ஒரு குறை நேர்ந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறிமுறையை வகுத்துக்கொண்டது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தெரியும். 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு இதைச் சீர்ப்படுத்த முனைந்தது. பின்னர் யூனிகோடு நிலைபெற்றது. அப்போதும் வீடுகளில் இருந்த விண்டோஸ் 98 கணினிகள் யூனிகோடு தமிழை அறியாதிருந்தன. அவற்றிலும் தமிழ் தெரியும்படி 'தேனீ' என்னும் இயங்கு எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கியவர் அதிராம்பட்டினத்து உமர் தம்பி. 2006இல் அவர் மறைந்தார். புதிய கணினி வாங்க இயலாதவரையும் அவர் விட்டுவிடவில்லை என்பதை நன்றியோடு நினைக்கிறோம்.

இனி எம் தட்டுகளுக்கு வருவோம். இளைஞர் முதலில் அவற்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடற்கரை ஈரம் காந்தத் தட்டில் பூஞ்சையை வளர்க்கும்; பூஞ்சை பிடித்ததை அப்படியே செருகினால் தட்டோடு படிக்கும் முனையும் கெடும் என்றார். முதலிரண்டு தட்டுகள் திறந்தன. திரையில் ஆங்கிலக் குறிகள் குவியலாய் வந்து நின்றன. பழைய எழுத்துரு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். ஐந்தாவது எழுத்துருவில் எம் பாட்டியாரின் தாலாட்டு திரையில் தமிழாய் விரிந்தது. சற்று நேரம் நாம் பேசவில்லை. மூன்றாம் தட்டு எவ்வளவு முயன்றும் வாய் திறக்கவில்லை.

பழைய கணினியை நாடுவோரை, இளமை நினைவில் திளைப்பவர் என்று சிலர் நகைப்பர். 2024இல் ஸ்பெக்ட்ரம் கணினியே புதிய வடிவில் மீண்டும் கடைக்கு வந்ததைக் காணும்போது அதில் உண்மையும் உண்டு எனலாம். ஆயினும், பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்த கடைசி ஆளைப் பேணுவது போன்றதன்றோ அது? அரபுத்தமிழை நம் தலைமுறை கைவிட்டபோது எந்தப் பகைவனும் ஏடுகளை எரிக்கவில்லை. கற்பிக்க மறந்தோம், அவ்வளவே. ப்ளாப்பித் தட்டுகளுக்கும் அதே மறதிதான் நேர்கிறது. ஜப்பானின் சோனி நிறுவனம் 2011இலேயே அவற்றின் விற்பனையை நிறுத்திவிட்டது. அலமாரியில் தட்டு வைத்திருப்போர் நாளை என்று ஒத்திப்போடாமல், படிக்கும் கருவி கிடைக்கும்போதே படியெடுத்து, யூனிகோடுக்கு மாற்றி, தாளிலும் ஒருமுறை அச்சிட்டு வைத்தல் நலம்.

மூன்றாம் தட்டில் இருந்தது ஏட்டின் பிற்பகுதி. கறையான் விட்டுவைத்ததும் அப்பகுதியே. அதைப் படிக்க எந்தக் கணினியும் வேண்டியதில்லை. அரபுத்தமிழ் தெரிந்தால் போதும். பழவேற்காட்டுப் பெரியவர் ஒருவரிடம் இப்போது எழுத்துக் கற்று வருகிறோம்.