புந்தோங்கின் சைக்கிள் வியாபாரிகள்

ஈப்போ ரயில் நிலையத்துக்கு மேற்கே சுங்கை பாரி ஆற்றை ஒட்டிக் கிடக்கும் புந்தோங், மலேசியாவிலேயே இந்திய வாக்காளர் விகிதம் மிகுந்த சட்டமன்றத் தொகுதி என்ற கீர்த்தியைப் பிற்காலத்தில் பெற்றதாயினும், அதற்கு வெகு காலம் முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கடலையும் முறுக்கும் ஓமப்பொடியும் செய்து விற்ற ‘கச்சாங் பூத்தே’ வியாபாரத்தால் பேராக் மாநிலமெங்கும் பிரசித்தி பெற்றிருந்தது. ஆதியில் தட்டைத் தலையில் சுமந்து நடந்த அந்த வியாபாரிகளுக்குச் சைக்கிள் கிடைத்த பின்னரே பள்ளிக்கூட வாசலும் சினிமாக் கொட்டகையும் தூரத்து ரப்பர் தோட்டத்து லயங்களும் கைக்கெட்டும் சந்தைகளாயின.

பின் கேரியரில் கண்ணாடி பதித்த பெட்டி. அதனுள் தடுப்புத் தடுப்பாகப் பச்சைப் பட்டாணி, காரக்கடலை, பக்கோடா. பழைய தாளைச் சுருட்டி நுனியை மடக்கிய கூம்புப் பொட்டலம். அதிலே ஒரு பிடி அள்ளிப் போட்டு, மேலே கொசுறாக நாலு கடலை. அந்தக் கொசுறுதான் வாடிக்கையாளரைப் பிடித்து வைத்தது என்பது என் அபிப்பிராயம். மரம் வெட்டி, பால் நிறுத்து முடிந்த பிற்பகலிலும், சம்பள தினத்திலும் லயத்து வாசலில் சைக்கிள் மணி கேட்டால் பிள்ளைகள் வீட்டில் தரித்திருக்கமாட்டார்கள்.

இதே சைக்கிள், 1941 டிசம்பரில் வேறொரு ரூபத்திலும் ஈப்போ அமைந்த கிந்தா பள்ளத்தாக்குக்கு வந்தது. டிசம்பர் 8 அன்று தென் தாய்லாந்தின் சிங்கோராவிலும் பத்தானியிலும் இறங்கிய ஜப்பானியப் படை, சைக்கிளேறிய காலாட்களோடு தெற்கே விரைந்து, அம்மாத இறுதி வாரத்தில் ஈப்போவைக் கைப்பற்றியது. ஈப்போவுக்குத் தெற்கே கம்பாரில் மட்டும் டிசம்பர் 30 முதல் நான்கு நாள் கடும் எதிர்ப்பைக் கண்டது. யுத்தத்துக்கு முன்பே ஜப்பானியச் சைக்கிள்கள் இங்கே மலிவாக விற்றிருந்தபடியால் உதிரிப் பாகங்களுக்கு அவர்கள் தவிக்கவில்லை. டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்தின்மீதே ஓட்டினார்கள். பின்னர் தோட்டத் தமிழர்களை ஆயிரமாயிரமாகச் சயாம் ரயில் பாதை போடும் கட்டாய வேலைக்குக் கொண்டு போனதை நினைத்தால், இந்தப் படையெடுப்பைச் சைக்கிள் சாகசமாக எழுதும் ஆசிரியர்கள்மீது எனக்கு மரியாதை குறைகிறது.

அதே ஜப்பானில் பின்னாளில் சைக்கிள் ஊருக்கு உயிரூட்டவும் பயன்பட்டது: 2011 மார்ச் 11 பூகம்பமும் ஆழிப்பேரலையும் பாழாக்கிய கரையில், இஷினோமாக்கியை மையமாக வைத்து 2013 முதல் ‘டூர் டி தொஹோகு’ என்னும் சைக்கிள் பவனியை நடத்தி, வெளியூராரை வரவழைத்துக் கிராமங்களுக்கு ஜீவன் ஊட்ட முயன்றார்கள். அங்கே வாங்குவோர் சைக்கிளில் வந்தனர். புந்தோங்கிலிருந்து விற்போர் சைக்கிளில் புறப்பட்டனர்.

ஆனால் இங்கே தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் நிலம் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, லயத்து மக்கள் பட்டணம் சேர்ந்தபோது, வியாபாரி போவதற்கு இடம் அருகியது. சைக்கிளுக்குப் பதில் மோட்டார் சைக்கிளும், பிறகு சாலையோரக் கடையும் வந்தன. இன்று சுற்றுலாப் பயணிகள்தாம் புந்தோங்கில் உள்ள கம்போங் கச்சாங் பூத்தேயைத் தேடி வருகிறார்கள். பொட்டலம் பிளாஸ்டிக் பையாகிவிட்டது. தீபாவளி நெருங்கினால் முறுக்குக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது உத்தமம்.