வெள்ளை டேப்பில் எழுதிய பேர்கள்

மிக்சரை மேசைமேல் இறக்கி வைத்ததும் முதலாளி முதலில் கேட்பது வெள்ளை டேப்பைத்தான். ஃபேடர்களுக்குக் கீழே அதை நீளமாக ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டே வருவார்: பாட்டு, வயலின், வலந்தலை, தொப்பி, கடம், தம்புரா. 1994-இல் மதுரையில் சவுண்டு சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு, கச்சேரி முடிந்ததும் அந்த டேப்பை உரிப்பது. ஒருநாள் உரிக்க மறந்தேன். மறுநாள் கல்யாண மண்டபத்தில் ‘பாட்டு’ என்றிருந்த ஃபேடரை இன்னொரு பையன் ஏற்றிவிட்டான். அன்று அதில் வந்துகொண்டிருந்தது தவில். முன்வரிசை முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது. முதலாளி அடிக்கவில்லை. “பழைய பேரு ஒட்டியிருக்கிறதுக்கு, பேரே இல்லாம இருந்திருக்கலாம்டா” என்றார்.

உலகமெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இதே பழக்கம் இருந்தது. பேரெழுதும் அந்தப் பட்டைக்கு ‘ஸ்க்ரிபிள் ஸ்ட்ரிப்’ என்று தொழிலில் பேர். டிவிக்காரர்கள் வழி வேறு. ஒளிபரப்பு வேனில் இருக்கும் இயக்குநர் சட்டுசட்டென்று ஷாட் கேட்க வேண்டும். அவர் வாய்க்குச் சுருக்கமாக இருக்கட்டும் என்று கேமராவுக்கு எண் கொடுத்தார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. மூன்றாம் கேமரா எங்கே நிற்கிறதென்று பாதியில் வந்து உட்காருகிறவனுக்குத் தெரியாது. ‘மணவறை’ என்றால் தெரியும்.

2012-இல் வந்த பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மிக்சரில் சேனலுக்கு ஒரு குட்டித் திரை இருந்தது. டேப்பின் காலம் முடிந்துகொண்டிருந்தது. எங்கள் கைக்கு வந்த டிஜிட்டல் மிக்சர் வேறொன்று. அதில் தமிழ் எழுத்து ஏறாது. மிருதங்கத்தின் வலந்தலை ‘மிருத் ஆர்’ ஆனது, தொப்பி ‘மிருத் எல்’ ஆனது. நாலைந்து வருஷத்தில் எங்கள் பையன்கள் வாயிலிருந்தே அந்தச் சொற்கள் போய்விட்டன. அது எனக்குப் பெரிய இழப்பாகவே பட்டது, இன்றும் படுகிறது.

அதே 2012-இல் ஜிம் என்று எல்லாரும் அழைக்கும் ஹியூ பெய்லி, நேரலைக்கான ஓபிஎஸ் மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டார். நான் அதைத் தொட்டது சபாக்கள் பூட்டிக் கிடந்த 2020 மார்கழியில். கேமராவைச் சேர்த்தால் ‘வீடியோ கேப்சர் டிவைஸ்’ என்று தானே ஒரு பேரை நீட்டும். அடுத்ததற்கு 2, அதற்கடுத்ததற்கு 3. ஒரே பேர் இரண்டுக்கு வர விடாது. அந்தக் கண்டிப்பு பிடித்துப்போனது. அதைவிட, பேர் எழுதும் பெட்டியில் தமிழ் ஏறியது. மிருதங்கத்தின் இடப்பக்க மைக்குக்கு ‘தொப்பி’ என்று தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேர் அதுவரை கண்ணுக்கான குறிப்பு. ஸ்டெஃபான் லெபின் 2016-இல் கொண்டுவந்த வெப்சாக்கெட் இணைப்பு அதைக் கூப்பிடும் சொல்லாக்கியது. வேறொரு கணினியோ போனோ ‘தொப்பியை மியூட் செய்’ என்றால் ஓபிஎஸ் செய்யும். 2022-இல் ஓபிஎஸ்ஸின் 28-ஆம் பதிப்போடு அது உள்ளேயே வந்துவிட்டது. பேர் மாற்றவும் ஒரு கட்டளை உண்டு: செட்இன்புட்நேம். பழைய பேர், புதுப் பேர், இரண்டையும் கொடுத்தால் போதும். மாற்றியதும், இணைந்திருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஓபிஎஸ் சேதி அனுப்பும். காது கொடுத்தவை தெரிந்துகொள்ளும்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக், ஏஐயை மற்ற மென்பொருள்களோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையை வெளியிட்டபின், இதே கட்டளைகளை ஏஐ ஏஜென்ட் கையில் கொடுக்க முடிந்தது. ஒரு கல்யாணத்தில் முதன்முதலாக முயன்றேன். “மூணாவது கேமராவுக்கு மணவறைன்னு பேர் வை, ரெண்டாவது மைக் தவில்” என்று தட்டத் தட்ட, அது முதலில் பட்டியலைக் கேட்டு வாங்கி, பதினொரு பேரையும் மாற்றி முடித்தது. முகூர்த்த நேரம். கெட்டிமேளத்துக்குத் தவிலை ஏற்ற பட்டனை அமுக்குகிறேன், அசையவில்லை. நானே எழுதிய பட்டன் பலகை இன்னும் ‘மைக்/ஆக்ஸ் 2’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பாட்டிக்குக் கெட்டிமேளம் கேட்கவேயில்லை. ஏஜென்ட் சொன்னதைச் செய்தது; டேப்பை உரிக்காதவன் மறுபடியும் நான்தான்.

இப்போது பலகையில் பேரை நம்புவதில்லை. கேமராவோ மைக்கோ, ஓபிஎஸ்ஸில் ஒவ்வொரு சோர்ஸுக்கும் மாறாத அடையாள எண் ஒன்று உண்டு, ஆதார் மாதிரி, அதையே கொடுத்திருக்கிறேன். தமிழில் பேர் வைப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘தொ’வில் உள்ள கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஓபிஎஸ்ஸுக்கு அவை இரண்டு வேறு பேர்கள். தப்பான ஒன்றைச் சொன்னால் அப்படி ஒரு சோர்ஸே இல்லை என்றுவிடும். அதனால் தட்டுவதில்லை, பட்டியலிலிருந்தே எடுத்து ஒட்டுகிறேன்.

போன மார்கழியில், ஏஜென்ட் மாற்றி வைத்த பேர்களைப் பக்கத்திலிருந்த பையனை உரக்கப் படிக்கச் சொன்னேன். எப்போதும் அப்படித்தான், ஆள் வாயால் ஒருமுறை படித்தாக வேண்டும். நாலாவதில் நின்றான்.

“தொப்பின்னா என்னண்ணே?”

மேடைக்குக் கூட்டிப்போனேன். வித்வான் மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ரவைப் பசையை அப்பிக்கொண்டிருந்தார்.