பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்: கோப்புப் பெயர் விதிகளின் வரலாறு

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு தமிழ் வரிவடிவத்துக்கு உரியதன்று. உரோம வரிவடிவத்திலோ ஒவ்வோர் எழுத்துக்கும் இரு வடிவங்கள் உள. ஐரோப்பிய அச்சகங்களில் ஈயவெழுத்துக் கோப்போர் அவற்றுள் பெரியவற்றை மேற்றட்டிலும் சிறியவற்றைக் கீழ்த்தட்டிலும் வைத்திருந்தனர். ஆங்கிலத்தில் அவ்விரு வகைக்கும் வழங்கும் பெயர்கள் அத்தட்டுகளின் பெயர்களே. இவ்வேற்றுமை கணினியுட் புகுந்தபோது, கோப்பொன்றின் பெயரில் அதனைப் பொருட்படுத்தவேண்டுமா என்ற வினாவுக்கு இருவேறு விடைகள் தரப்பட்டன. இணைய நிரலாளர் இன்றும் எதிர்கொள்ளும் இடரொன்று அவ்விரு விடைகளும் சந்திக்குமிடத்தில் தோன்றுவதாகும்.

1963இல் அறிமுகமான ரெலிரைப் 33 என்னும் தொலையச்சுப்பொறி பெரிய எழுத்துக்களை மட்டுமே அச்சிட்டது. அதே ஆண்டில் வெளிவந்த அஸ்கி குறிமுறையிலும் சிறிய எழுத்துக்கள் இல்லை. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே அவை இடம்பெற்றன. பெரிய 'ஏ' 65 எனவும் சிறிய 'ஏ' 97 எனவும் குறிக்கப்பட்டன. படிப்போர்க்கு ஓரெழுத்தாயினும் பொறிக்கு அவை இரண்டு எண்களே.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் தொடங்கிய யுனிக்ஸ் இவ்வெண்களை அவ்வாறே ஏற்றுக்கொண்டது. பெயர் என்பது எண்களின் வரிசை. வரிசை ஒத்திருந்தால் ஒரே கோப்பு, இல்லையேல் வேறு கோப்பு. மறுபுறத்தில், 1974இல் கரி கில்டால் உருவாக்கிய சி.பி.எம். முறைமை, பயனர் எவ்வாறு தட்டச்சிடினும் பெயரைப் பெரிய எழுத்துக்கு மாற்றிக்கொண்டது. 1981இல் வந்த எம்.எஸ்.டொஸ் அவ்வழியையே பின்பற்றிற்று. விண்டோஸ் 95, பெயரை எழுதியவாறே காட்டத் தொடங்கியதாயினும், தேடும்போது வேற்றுமையைப் புறக்கணித்தது. வேற்றுமையைக் கண்ணுக்குக் காட்டிவிட்டுச் செயலில் மதியாதிருக்கும் இவ்விடைவழியே மூன்றனுள்ளும் மயக்கம் மிகுந்தது எனலாம்.

1995இல் றஸ்மஸ் லேர்டோர்வ் வெளியிட்ட பி.எச்.பி. மொழியில் இம்மயக்கம் இரட்டித்தது. அம்மொழியில் மாறிகளின் பெயர்களில் எழுத்து வேற்றுமை நோக்கப்படும். சார்புகளின் பெயர்களில் நோக்கப்படாது. பிறிதொரு கோப்பைச் சேர்க்கும் 'இன்குளூட்' கட்டளையிலோ முடிவு மொழியினுடையதன்று. அது கோப்பு முறைமையிடம் விடப்படுகின்றது. 'ஹெடர்' என்ற கோப்பு பெரிய 'எச்' கொண்டு சேமிக்கப்பட்டு, நிரலிற் சிறிய 'எச்' கொண்டு அழைக்கப்பட்டால், நிரலாளரின் விண்டோஸ் கணினியில் யாவும் செவ்வனே நடைபெறும். அந்நிரலே லினக்ஸ் சேவையகத்துக்குச் சென்றதும் கோப்பு இல்லை என்ற விடை கிடைக்கும். பிழை அங்கே பிறந்ததன்று. முன்னரே இருந்து மன்னிக்கப்பட்டதாகும்.

அதன் விளைவு பக்கத்தின் தலைப்பு மறைவதோடு நின்றுவிடுவதில்லை. 'இன்குளூட்' தோல்வியுற்றால் எச்சரிக்கை மட்டும் எழும். நிரல் தொடர்ந்து ஓடும். உரிமையுடையோரை மட்டும் அனுமதிக்கும் சோதனைக் கோப்பு அவ்வாறு சேர்க்கப்பட்டிருப்பின், சோதனை நடவாமலே எஞ்சிய பக்கம் எவர்க்கும் திறந்துவிடக்கூடும். 'றிக்வயர்' கட்டளையோ அவ்விடத்திலேயே நிரலை நிறுத்திவிடும். இத்தகைய கோப்புகளுக்கு அதனை விடுத்து முன்னையதைப் பயன்படுத்துவதற்குத் தக்க நியாயம் எதுவுமில்லை.

யுனிக்ஸ் விதி வீண்பிடிவாதம் என்போர் துருக்கி மொழியை நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்திற் புள்ளியில்லாப் பெரிய 'ஐ'க்குச் சிறிய வடிவம் புள்ளியுடையது. துருக்கியில் அது புள்ளியற்றது. எனவே இரு பெயர்கள் ஒன்றா என்ற வினாவுக்கு எம்மொழியில் என்ற எதிர்வினா எழுகின்றது. எண்களை மட்டும் ஒப்பிடும் முறைமைக்கு அவ்வினா எழுவதில்லை.

அண்மைக்காலத்தில் இரு மரபுகளும் ஒன்றன் விதியை மற்றொன்று கடன்பெற்றுள்ளன. 2018இல் விண்டோஸ் 10 வேற்றுமை நோக்கும் கோப்பகங்களை அனுமதித்தது. 2019இல் லினக்ஸ் 5.2, வேற்றுமை நோக்காத கோப்பகங்களை எக்ஸ்ற்4 கோப்பு முறைமையிற் கொணர்ந்தது. இரண்டும் கோப்பகந்தோறும் தெரிந்தெடுக்கப்படவேண்டியவை; எவரும் கேளாதவிடத்து அவ்வவற்றின் பழைய விதியே நடைமுறையில் உள்ளது.