அரிய மண் தாது ஏற்றுமதித் தடை: தெரிந்துகொள்ள வேண்டியவை

மலேசியாவில் தோண்டியெடுக்கப்படும் அரிய மண் தாதுவை மூலப்பொருளாகவே வெளிநாட்டுக்கு அனுப்ப 2024 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் இம்முடிவை 2023 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். நாட்டில் சுமார் 1 கோடியே 61 லட்சம் டன் அரிய மண் இருப்பதாக அரசாங்கம் மதிப்பிட்டுள்ளது.

எதற்குப் பயன்படுகிறது?

அரிய மண் என்பது 17 தனிமங்களின் பொதுப்பெயர். மின்சாரக் கார், காற்றாலை, ஏவுகணை ஆகியவற்றுக்குத் தேவையான வலுவான காந்தங்களைச் செய்ய இவற்றில் சில வேண்டும். நியோடைமியம் காந்தத்துக்கு வலுவூட்டுகிறது. மோட்டார் சூடேறும்போது அந்த வலு குறையாமல் டிஸ்புரோசியம் காக்கிறது.

பிடி யார் கையில்?

தாதுவைத் தோண்டப் பல நாடுகளால் முடியும். கலந்து கிடக்கும் தனிமங்களைத் தனித்தனியாகப் பிரிப்பதுதான் கடினம். உலகில் அந்த வேலையில் சுமார் 90 விழுக்காடு சீனாவில் நடக்கிறது. 2025 ஏப்ரல் 4-ஆம் தேதி டிஸ்புரோசியம் உட்பட 7 தனிமங்களை ஏற்றுமதி செய்யச் சீனா உரிமத்தைக் கட்டாயமாக்கியது. மே மாதத்திலேயே ஃபோர்டு சிகாகோ ஆலையை ஒரு வாரம் மூடியது. ஜப்பானில் சுசுகி, ஸ்விஃப்ட் கார் தயாரிப்பை நிறுத்தி வைத்தது.

மலேசியாவின் நிலை

பகாங், கெபேங்கில் லைனாஸ் ஆலை 2012 முதல் இயங்குகிறது. 2025 மே மாதம் அங்கு டிஸ்புரோசியமும் பிரிக்கப்பட்டது. ஆனால் அந்த ஆலைக்கான தாது மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் சுரங்கத்திலிருந்து வருகிறது. நம் மண்ணில் கிடைப்பதை இங்கேயே பிரித்து, வேலையும் வருமானமும் நாட்டிலேயே தங்கச் செய்வதே தடையின் நோக்கம். 2025 அக்டோபரில் அமெரிக்காவுடன் வாணிப உடன்பாடு கையெழுத்தான பிறகும், மூலத்தாதுவுக்கான தடை தொடரும் என்று அரசாங்கம் கூறியது.

ரப்பர் தந்த பாடம்

ஏற்றுமதிக் கட்டுப்பாடு இம்மண்ணுக்குப் புதிதல்ல. ரப்பர் விலையைத் தூக்கி நிறுத்த, 1922-இல் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டத்தின்கீழ் மலாயா, இலங்கை ரப்பர் ஏற்றுமதியைக் குறைத்தது. விலை ஏறியது. ஆனால் திட்டத்தில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் உற்பத்தியைப் பெருக்கின. அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1926-இல் லைபீரியாவுக்குத் தோட்டம் போடச் சென்றது. 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. வேறு இடத்தில் கிடைக்கும் பொருளைத் தடுத்து வைத்தால், வாங்குபவர் அங்கே போய்விடுவார். ஆகவே, பிரிக்கும் ஆலை இல்லாமல் தடை மட்டும் பலன் தராது.

கழிவு எங்கே போகும்?

ஆலை வந்தால் கழிவும் வரும். ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில், ஈயம் எடுத்தபின் எஞ்சிய ‘அமாங்’ மணலிலிருந்து கிடைத்த தாதுவைப் பிரிக்கும் ஆலை 1982-இல் தொடங்கியது. அதன் கழிவில் கதிரியக்கம் கொண்ட தோரியம் இருந்தது. குடியிருப்பாளர்கள் பல ஆண்டுகள் போராடி நீதிமன்றம் சென்றனர். ஆலை 1994-இல் மூடப்பட்டது. கழிவு கிளெடாங் மலையில் புதைக்கப்பட்டது.

இப்போது பேசப்படும் களிமண் வகைத் தாதுவில் கதிரியக்கம் குறைவு. எனினும், அதைக் கரைத்தெடுக்க மலைச்சரிவில் அம்மோனியம் சல்பேட் கரைசல் செலுத்தப்படுகிறது. அது ஆற்றில் கலந்தால் கீழே வாழ்வோரின் குடிநீர் கெடும். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் அனுமதி தரும் முன், கழிவு எங்கே வைக்கப்படும், நீரை யார் பரிசோதிப்பார், முடிவுகள் மக்களுக்குக் காட்டப்படுமா ஆகிய மூன்று கேள்விகளுக்கும் எழுத்துப்பூர்வமாகப் பதில் கேட்க வட்டார மக்களுக்கு உரிமை உண்டு.