பெயர் மாறிய பாட்டு

1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ஒரு ஜப்பானியப் பாட்டு முதலிடம் பிடித்து, மூன்று வாரம் அங்கேயே இருந்தது. பாடியவர் க்யூ சகமோட்டோ. 1941-ல் கவாசாகி நகரில் ஒன்பது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 21.

1961-ல் ஜப்பானில் வெளியானபோது அந்தப் பாட்டின் பெயர் 'உவே ஓ முயிதே அருகோ'. நிமிர்ந்து பார்த்தபடி நடப்போம் என்று பொருள். அழுகையை அடக்கிக்கொண்டு தனியே நடக்கும் ஒருவனின் சோகப் பாட்டு அது. 1960-ல் ஜப்பான் அமெரிக்காவுடன் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்துப் பெரும் போராட்டம் நடந்தது. அது தோற்ற வேதனையில் ரொகுசுகே எய் இதை எழுதினார். இசை ஹச்சிடாய் நகமுரா. வேடிக்கை என்னவென்றால், பிறகு அந்த அமெரிக்காவே இந்தப் பாட்டைக் கொண்டாடியது!

ஆனால் வேறு பெயரில். ஜப்பானியப் பெயர் வாயில் நுழையாது என்று ஒரு பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனம் 'சுகியாகி' என்று பெயர் வைத்தது. அது மாட்டிறைச்சி சேர்த்துச் செய்யும் ஒரு ஜப்பானியச் சமையல். பாட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அமெரிக்காவிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

1985 ஆகஸ்ட் 12 அன்று டோக்கியோவிலிருந்து ஒசாகா கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்தனர். அவர்களில் சகமோட்டோவும் ஒருவர். வயது 43. ஜப்பானியர்கள் இன்றும் அந்தப் பாட்டை அதன் சொந்தப் பெயரில்தான் சொல்கிறார்கள்.