மரம் கூறும் வரலாறு: கரடியனாற்றுப் பிரதேசத்துப் பழமரத் தளபாடங்கள் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டையும் ஏட்டையும் கருதுவதே நம்மிடையே வழக்கம். காட்டை அண்டி வாழ்ந்த உழைக்கும் மக்களோ கல்வெட்டு வெட்டுவித்தவரல்லர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடி–பதுளை வீதியில் அமைந்த கரடியனாறு போன்ற கிராமங்களில், மண்சுவரும் கிடுகுக் கூரையும் அழிந்தபின் எஞ்சக்கூடியவை கதவு நிலை, தூண், வளை, வண்டிச் சில்லு ஆகியனவே. அம்மக்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இவை புறக்கணிக்கத்தகாத ஆவணங்களாகும்.

கிழக்கிலங்கைக் காடுகள் முதிரை, கருங்காலி, பாலை முதலிய வைரமரங்களுக்குப் பெயர்பெற்றவை. 1859 இல் வெளிவந்த இலங்கை பற்றிய நூலில் எமர்சன் தெனன்ற், இம்மாகாணத்து வீடுகளில் முதிரை பெருவழக்காயிருந்தமையைக் குறிப்பிடுகிறார். அழகிய வரியோட்டமுடைய துண்டுகள் தளபாடத்துக்கும், ஏனையவை கட்டடத்துக்கும் பயன்பட்டன.

ஆயின், காடு யாருக்குரியது என்னும் வினா அதற்கு முன்னரே மக்களுக்குப் பாதகமாகத் தீர்க்கப்பட்டுவிட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தனியுரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. சேனை செய்தவன் தன் சூழலிலேயே அத்துமீறுபவனானான். 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் அரச கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. 1990 இல் இயற்கைக் காடுகளில் மரந்தறித்தல் தடைசெய்யப்பட்டது. காடழிவின் அளவை நோக்குமிடத்து இது தவிர்க்கவியலாததே. முதிர்ந்த வைரமரத்தைப் பழைய கட்டடங்களிலேயே தேடவேண்டிய நிலை இவ்வாறு உருவாயிற்று.

பழமரத்தைக் கழற்றி வாங்காகவும் மேசையாகவும் ஆக்குதல் ஏழைகளிடத்துச் சிக்கனத்தின் பாற்பட்டது. நன்கு உலர்ந்த வைரமரம் எளிதில் கோணாது. கறையானுக்கும் இலகுவில் இரையாகாது. பிற்காலத்தில் வசதிபடைத்தோரிடையே இது கலைப்பெறுமதியும் பெற்றது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, கொழும்பிலுள்ள தமது இல்லத்தில் செட்டிநாட்டுத் தூண்களைப் பொருத்தியமை இதற்கு எடுத்துக்காட்டாகும்.

இவ்விடத்து ஒரு முரண்பாடு கருதற்குரியது. மரம் சந்தைப் பண்டமாகும்போது காக்கப்படுகிறது. அதன் வரலாறோ அழிகிறது. வாய்ச்சித் தழும்பு கையால் செதுக்கியதையும், வாளின் தடம் அறுத்த முறையையும், பொருத்துத் துளை மரத்தின் முந்திய பயன்பாட்டையும் உணர்த்தும். தச்சனின் சீவுளி இவற்றை ஒருநாளில் நீக்கிவிடும். பின்னர் அது எவ்வூர், எவ்வீட்டு மரமென்று அறியவியலாது.

2007 இல் போரினால் இடம்பெயர்வைக் கண்ட இப்பிரதேசத்தில், எஞ்சிய சான்றுகள் மிகவும் பெறுமதியுடையன. மீள்பயன்பாட்டைத் தடுத்தல் நம் நோக்கமன்று. அது காட்டுக்கும் நன்மையே. சீவுமுன் மரத்தின் இனம், அளவு, தழும்புகள், எடுக்கப்பட்ட வீடு, உரியோர் கூறும் செய்தி ஆகியவற்றைப் பதிவுசெய்தல் வேண்டும். கிராமத் தச்சரின் துணையோடு பல்கலைக்கழக மாணவர் உடன் தொடங்கத்தக்க பணி இது.