சீன நாட்டு முனைவர் பட்ட நுழைவுத் தேர்வில் ஆங்கிலம்: பயிற்சி வினாக்களின் வழி ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் உயர்கல்வி வரலாற்றை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அரசாணைகளையும் பல்கலைக்கழக விதிகளையுமே சான்றாகக் கொள்வர். தேர்வு எழுதுவோர் விலைகொடுத்து வாங்கி மனனம் செய்யும் பயிற்சி வினாத் தொகுப்புகளை எவரும் ஆவணமாக மதிப்பதில்லை. விதி, தேர்வு எதற்காக என்று கூறும். பயிற்சி வினாவோ தேர்வு என்னவாக ஆயிற்று என்பதைக் காட்டும். சீனாவில் முனைவர் பட்ட ஆய்வில் சேர விழைவோர் பல்லாண்டுகளாக எழுதிவந்த ஆங்கிலத் தாள் இவ்விரண்டிற்கும் இடையே எழுந்த விலகலுக்குத் தக்க சான்றாகும். அவ்விலகலின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

சீன அரசு ஆங்கிலத்தை முறையாகக் கற்பிக்கத் தொடங்கியது 1862-இல் ஆகும். இரண்டாம் அபினிப் போரின் தோல்விக்குப்பின் பீகிங்கில் 'தோங்வென் குவான்' என்னும் மொழிப்பள்ளி, பத்து மாணவர்களுடன் தோற்றுவிக்கப்பட்டது. உடன்படிக்கைகளின் அயல்மொழி மூலத்தைப் பிறர் துணையின்றிப் படிக்கவல்ல அலுவலர்களை ஆக்குவதே அதன் நோக்கம். அக்காலத்தில் உயர்பதவிக்குரிய வழி அரசுத் தேர்வாகவே இருந்தது. அதில் ஆங்கிலத்திற்கு இடமில்லை. 1905-இல் அரசுத் தேர்வு ஒழிக்கப்பட்ட பின்னரே அயல்மொழி அறிவு கல்வித் தகுதிகளுள் தலைமை பெறலாயிற்று. மக்கள் சீனக் குடியரசு அமைந்தபின், 1950-களில் உருசிய மொழி முதலிடம் பெற்றது. சோவியத் உறவு முறிந்தபின் 1964-இல் வகுக்கப்பட்ட ஏழாண்டுத் திட்டம் ஆங்கிலத்தை முதல் அயல்மொழியாக அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் பண்பாட்டுப் புரட்சி மூண்டு, அத்திட்டத்தை முடக்கிவிட்டது.

1977-இன் இறுதியில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வும், 1978-இல் பட்டமேற்படிப்புச் சேர்க்கையும் மீண்டும் தொடங்கின. அவ்வாண்டு பட்டமேற்படிப்பிற்கு ஏறத்தாழ 63,500 பேர் விண்ணப்பிக்க, பத்தாயிரத்துச் சொச்சம் பேரே இடம் பெற்றனர். 1980 பிப்ரவரியில் பட்டங்கள் பற்றிய ஒழுங்குவிதிகள் நிறைவேற்றப்பட்டு 1981 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. 1983 மே மாதத்தில் முதற்கட்டமாக 18 பேர்க்கு முனைவர் பட்டம் பீகிங்கில் மக்கள் பேரவை மண்டபத்தில் வழங்கப்பட்டது.

1981-இன் செயற்படுத்தும் விதிகள் ஈண்டு நுணுகி நோக்கத்தக்கன. முனைவர் பட்டத்திற்கு இரண்டு அயல்மொழிகள் வேண்டும் என்று அவை கூறின. முதல் மொழியில் தம் துறை நூல்களைத் தடையின்றிப் படிக்கும் ஆற்றலும் ஓரளவு எழுதும் திறனும், இரண்டாம் மொழியில் தொடக்கநிலை வாசிப்பாற்றலும் போதும். சில துறைகளுக்கு முதல் மொழி மட்டும் போதும் என்ற விலக்கும் இருந்தது. ஆக, சட்டம் கருதியது துறைசார் வாசிப்பையே ஆகும். பத்தாண்டுக் காலம் உலக ஆய்வுலகிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த ஒரு நாடு இவ்வாறு கருதியதில் வியப்பில்லை.

நுழைவுத் தேர்வு வேறொரு திசையில் வளர்ந்தது. முதுநிலைச் சேர்க்கைக்கான ஆங்கிலத் தாள் நாடு முழுமைக்கும் பொதுவானது. முனைவர் பட்டத் தேர்விலோ அயல்மொழித் தாளையும் துறைசார் தாள்களையும் ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுத்தது. மருத்துவத் துறையில் மட்டும் பல நிறுவனங்கள் ஒரு பொதுத் தாளைப் பயன்படுத்தின. பொதுவான பாடத்திட்டம் இன்மையால், குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாளே பாடநூலாயிற்று. அவ்வளாகத்திலேயே முதுநிலை பயின்றோர்க்கு அது எளிதில் கிட்டும். தொலைவிலுள்ள கல்லூரி ஆசிரியர்க்குக் கிட்டாது. இவ்விடைவெளியை நிரப்பவே பயிற்சி வினாத் தொகுப்புகள் பெருகின.

இத்தொகுப்புகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. முதலில் சொல்வளப் பகுதி: அடிக்கோடிட்ட சொல்லுக்கு மிக நெருங்கிய பொருளுடையதை நான்கனுள் தெரிதல். அடுத்து, நீண்ட பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்புதல். பின்னர்ப் படித்துணர்தல், இருவழி மொழிபெயர்ப்பு, குறுங்கட்டுரை. சில நிறுவனங்களில் கேட்டல் திறனும் உண்டு. இவற்றுள் முதற்பகுதியே தேர்வு எழுதுவோரை மிகுதியும் அச்சுறுத்துவது. துறைநூல் எதிலும் காணவியலாத அருஞ்சொற்கள் ஒலியாலும் வடிவாலும் ஒத்த நான்கு நான்காக அங்கு அணிவகுக்கின்றன. இலக்கண வினாக்களும் இத்தகையனவே. 'சஜஸ்ட்', 'டிமாண்ட்' போன்ற வினைகளை அடுத்து வரும் கிளைத்தொடரில் வினைச்சொல் விகுதி ஏலாமல் நிற்பதும், 'ஹார்ட்லி' தொடரின் முதலில் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன் செல்வதும் அடிக்கடி வினவப்படுபவை. சீன மொழியில் வினைச்சொல் காலத்திற்கோ இடத்திற்கோ ஏற்பத் திரிவதில்லை. வினை நிறைவுற்றதா என்பதை இடைச்சொற்களே உணர்த்தும். அம்மொழியினர்க்கு இவ்வகை வினாக்கள் எத்துணைப் புறம்பானவை என்பதை விகுதிகளில் ஊறிய தமிழர் எளிதில் உய்த்துணரலாம். ஆயினும் இவற்றைத் தவறின்றி எழுதியவர் தம் துறைக் கட்டுரை ஒன்றைப் படித்துப் பொருள் காண வல்லவர் என்பதற்கு உறுதி இல்லை. எழுத இயலாதவர் அதனைப் படிக்க மாட்டார் என்பதற்கும் இல்லை.

இந்நிலை சீனத்திற்குப் புதிதன்று. மிங் காலத்தில் எட்டுக்கால் கட்டுரை அரசுத் தேர்வை ஆண்டபோது, வெற்றி பெற்றோரின் மாதிரிக் கட்டுரைகளை அச்சகங்கள் தொகுத்து விற்றன. 17-ஆம் நூற்றாண்டு அறிஞர் கூ யென்வூ, வரக்கூடிய தலைப்புகளை முன்கூட்டியே கணித்து, கூலிக்கு எழுதுவித்து, மனனம் செய்து தேர்வெழுதும் வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். மூலநூல்கள் படிக்கப்படாமலே போகின்றன என்பது அவரது வருத்தம். தாளின் மொழி மாறியதேயன்றி வணிகத்தின் இயல்பு மாறவில்லை. 1993-இல் பெய்ஜிங்கில் தொடங்கப்பட்ட 'நியூ ஓரியண்டல்' பயிற்சி நிறுவனம் அமெரிக்கத் தேர்வுகளின் வினாக்களை அச்சிட்டு விற்றமைக்காக வழக்கில் சிக்கி, 2003-இல் தண்டம் விதிக்கப்பெற்றது. மேல்முறையீட்டில் 2004-இல் தொகை குறைக்கப்பட்டது. பழைய வினாவும் ஓர் உடைமை என்பதைச் சீனப் பயிற்சிச் சந்தை உணர்ந்த தருணம் அது.

அயல்மொழித் தாளில் வெட்டு மதிப்பெண்ணை எட்டாதவர், துறைத்தாளில் எத்துணைச் சிறந்தவராயினும் விலக்கப்படுவார் என்பதே இம்முறையின் கூர்முனை. பழஞ்சீன இலக்கியம், சுவடியியல், மரபு மருத்துவம், ஓவியம் ஆகிய துறையினரே இதனால் மிகுதியும் தாக்குண்டனர். சப்பானியம், உருசியம் முதலியவற்றைத் தெரிந்துகொள்ளப் பல இடங்களில் வாய்ப்பிருந்தது உண்மையே. எனினும் பள்ளி முதல் ஆங்கிலமே பயின்றோர்க்கு அது பெயரளவினதாகவே அமைந்தது. சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் கலைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஓவியர் சென் தான்சிங், தாம் விரும்பிய மாணவர்கள் அயல்மொழி, அரசியல் தாள்களால் தடுக்கப்படுவதைக் கண்டித்துப் பதவி விலகினார். 2005-இல் அது நாடு தழுவிய விவாதமாயிற்று. ஆங்கிலம் தேவையில்லை என்பதன்று, தூரிகையை அளக்க அது கோலன்று என்பதே அவ்விவாதத்தின் சாரம் எனக் கொள்ளலாம்.

இதே சிங்ஹுவாவில் 1932-இல் நிகழ்ந்த ஒன்று இங்கு ஒப்புநோக்கற்பாலது. வரலாற்றறிஞர் சென் யின்கே சீன மொழித் தாளில், கொடுத்த தொடருக்கு இணைத்தொடர் அமைக்குமாறு வினவினார். பழமை பாராட்டுகிறார் என்ற எள்ளல் எழுந்தது. ஐரோப்பிய இலக்கண வாய்பாட்டைச் சீனத்தின்மேல் ஏற்றுவது பொருந்தாது. சொல்வகை, ஒலியேற்ற இறக்கம், நூலறிவு, சிந்தனை ஒழுங்கு ஆகியவற்றை ஒருங்கே அளப்பது இணைத்தொடரே என்று அவர் விளக்கினார். பன்மொழிப் புலமையாளர் ஒருவரே இதனைக் கூறினார் என்பது கருதத்தக்கது. வினா எதை அளக்கிறது என்று வினாவை வகுத்தவரே விளக்க முன்வந்த அரிய சான்று இது. பிற்கால ஆங்கிலத் தாள்களுக்கு இத்தகைய விளக்கம் வாய்த்ததாகத் தெரியவில்லை.

2013-இல் பட்டமேற்படிப்புச் சீர்திருத்தம் பற்றி அரசு வெளியிட்ட கருத்துரைக்குப்பின் 'விண்ணப்ப–மதிப்பீட்டு' முறை பரவலாயிற்று. எழுத்துத் தேர்வின் இடத்தை ஆய்வுத் திட்டமும் நேர்காணலும் பெற்றன. ஆங்கிலம் மட்டும் வாயிலை விட்டு அகலவில்லை: கல்லூரி ஆங்கிலத் தேர்வின் ஆறாம் நிலையில் 710-க்கு 425 மதிப்பெண், அல்லது டோஃபெல், ஐயெல்ட்ஸ் சான்று எனப் பல நிறுவனங்கள் கேட்கின்றன. சான்று இல்லாதோர்க்குத் தாமே ஆங்கிலத் தாள் வைக்கும் நிறுவனங்களும் உள்ளன. 1980-இன் ஒழுங்குவிதிகளுக்கு மாற்றாக 2024 ஏப்ரலில் இயற்றப்பட்ட பட்டங்கள் சட்டம் 2025 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது.